ஏழாவது நாற்காலியும் இறங்காத கையும்

எல்லாரும் சௌக்கியமா? வீட்டில் சர்க்கரை, பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? போன மழையில் சளி பிடித்தவர்களுக்கு இப்போது தேவலையா? முட்டியை விடுங்கள், அது யாருக்குத்தான் வலிக்கவில்லை. வலது தோள் எப்படி இருக்கிறது? கையை முழுசாக மேலே தூக்க முடிகிறதா? முடிந்தால் சந்தோஷம். ஆனால் எந்த இடத்தில், யார் எதிரில் தூக்குகிறோம் என்பதில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். விரிப்பு அக்கா ஜாக்கிரதையாக இல்லை. அதனால் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் என்னவெல்லாம் ஆயிற்று என்று கேளுங்கள்.

விரிப்பு அக்கா என்பது தெரு வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் லாண்டரியில் அவளுக்கு வேலை. இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் படுக்கை விரிப்புகளை, கூட ஒருத்தியோடு ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க அதேதான். யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சோடு பேச்சாக அங்கே கிடக்கிற துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்தக் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பின்னால் வந்த வினைக்கு அதுவும் ஒரு காரணம்.

அவளுக்கு ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு. நர்ஸ் ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அதற்குக் கணக்கில் தேற வேண்டும். கணக்குக்கும் அவளுக்கும் ஆகாது. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தடவை பாக்கி இருக்கிறது. அதிலும் தேறாவிட்டால் நர்ஸ் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் கணக்கு சார் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால், கணக்கில் தேறாத பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுப்பார். முதல் பாடவேளைக்கும் முந்தினது என்பதால் அதற்குப் 'பூஜ்ய வேளை' என்று பெயர். யாராவது தப்பாகப் போட்டால் கத்த மாட்டார். "பரவாயில்ல, எந்த இடத்துல வழி தவறினோம்னு திரும்பிப் போய்ப் பாப்போம்" என்பார். திரும்பிப் போய்ப் பார்த்துப் பார்த்தே அக்கா மகள் பாதிப் புத்தகத்தைத் தாண்டிவிட்டாள். முன்பெல்லாம் மார்க்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவள், இப்போது சாப்பிடும்போது தானாகவே, "அம்மா, விகிதம்னா ஒண்ணுமே இல்லம்மா, ரொம்ப ஈஸி" என்கிற அளவுக்கு வந்தாயிற்று.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மகள் வந்து பையை வீசி எறிந்தாள்.

"பூஜ்ய வேளையை எடுத்துடப் போறாங்களாம். கணக்கு சாரையும் அனுப்பப் போறாங்களாம். ஸ்கூல் போர்டு கூடி முடிவு பண்ணுதாம்."

"யாருடி சொன்னது?"

"சாரே சொன்னார். சொல்லிட்டு, விட்ட கணக்கைப் போடுங்கன்னு திரும்பிட்டார்."

பள்ளிக்கூட வாரியம் என்ற ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவள் வீட்டுக்காரருக்குத் தெரியாத கூட்டம் உலகத்தில் கிடையாது. அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். யூனியன் கூட்டங்களில் பின் வரிசையிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவர்.

"நான் சொல்றதை மட்டும் கேளு" என்றார். "உள்ள போனதும் கையைத் தூக்கு. தூக்கின கையை இறக்காதே. இறக்கினே, அவ்வளவுதான், உன்னை மறந்துடுவாங்க. யாராவது முறைச்சாலும் இறக்காதே. சிரிச்சாலும் இறக்காதே."

"நீங்க அப்படித் தூக்கித்தான் பேசினீங்களா?"

"நான் எங்க பேசினேன்? தூக்காததாலதான் பேசலை."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் விரிப்பை மடிக்க மடிக்க அக்கா தன் பேச்சை மனப்பாடம் செய்தாள். பெரிய பேச்சு இல்லை. "ஐயா, எம்பொண்ணு தேறணும், இந்த சார் இருந்தாத்தான் தேறுவா, பரீட்சை முடியற வரைக்குமாவது இவரை வச்சிருங்க." எதிர் மூலையைப் பிடித்திருந்தவள், "இதுல 'தயவுசெஞ்சு' எங்கடி காணோம்?" என்று கேட்டாள். அதையும் சேர்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கூட்ட அறையில் முட்டை வடிவ மேசை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. சுவரோரமாகப் பொதுமக்களுக்கென்று ஒரு வரிசை மடக்கு நாற்காலி. அதில் பொதுமக்கள் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புது அட்டவணை போட வெளியூரிலிருந்து வந்திருந்த ஆலோசகரின் பெட்டிகளும் ஒயர்களும் சுருட்டி வைத்த படங்களும் உட்கார்ந்திருந்தன.

வாரியச் செயலாளர் அம்மாள் அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க! குழந்தை இங்கதானே படிக்குது?"

"ஆமாங்க. நான் ஒரு விஷயம் பேசணும்னு..."

"தாராளமா பேசலாம். முதல்ல உக்காருங்க. இதோ, இந்த நாற்காலி."

"இது மேசைகிட்ட இருக்கே. பெரியவங்க உக்காருற இடமாச்சே."

"யாரு வேணா உக்காரலாம். காலியா இருந்தாத்தான் தப்பு."

அது ஏழாவது நாற்காலி, பெற்றோர் பிரதிநிதிக்கு உரியது. பிரதிநிதி வெளிநாட்டில் இருக்கும் தன் மகன் வீட்டுக்குப் போய்ப் பல மாதம் ஆகிறது. வாரியத்தின் விதிப்படி ஏழு நாற்காலியும் நிறைந்தால்தான் கூட்டத்தைத் தொடங்கலாம். நாற்காலி நிறைய வேண்டும் என்று விதியில் இருக்கிறது, எதனால் நிறைய வேண்டும் என்று இல்லை. அதனால் இத்தனை மாதமும் யாரோ கழற்றிப் போட்டு மறந்துவிட்டுப் போன ஒரு கோட்டை அந்த நாற்காலியில் மாட்டிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அருமையான கோட்டு. யார் பேச்சுக்கும் குறுக்கே பேசியதில்லை. ஒரே குறை, அதற்குக் கை இருந்தது, தூக்கத்தான் ஆள் இல்லை. எந்த விஷயத்தை எடுத்தாலும் மூன்றுக்கு மூன்று என்று சமமாகிவிடும். கோட்டு எந்தப் பக்கமும் சாயாது. போன வாரம் கோட்டின் சொந்தக்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா உட்கார்ந்தாள். செயலாளர் மைக்கில், "ஏழும் நிறைஞ்சாச்சு" என்றார். மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வர, அக்கா சட்டென்று வலது கையைத் தூக்கினாள்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவர் டயர்க் கடை வைத்துப் பெரிய ஆள் ஆனவர். "நான் ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன்" என்று தொடங்கினார். "அதனாலதான் என்னால கல்வியை எந்தப் பாரபட்சமும் இல்லாம பாக்க முடியுது. படிச்சவங்களுக்குப் படிப்பு மேல ஒரு பாசம் வந்துடுது. பாசம் வந்தா நிர்வாகம் போச்சு."

எல்லாரும் தட்டினார்கள். அக்காவால் ஒரு கையால் தட்ட முடியவில்லை.

முதல் விஷயம், போன கூட்டத்தின் பதிவை ஏற்பது. உறுப்பினர்களில் ஒருவர் பல் டாக்டர். அவர் எழுந்தார். "போன தடவை நான் இருமினேன்னு எழுதியிருக்கீங்க. நான் இருமல. தொண்டையைச் செருமினேன். அது என்னோட எதிர்ப்பு."

"எதுக்கு எதிர்ப்பு?" என்றார் தலைவர்.

"அது இப்ப ஞாபகம் இல்ல. ஆனா எதிர்ப்புதான்."

இருமலா செருமலா என்று வெகுநேரம் பேசினார்கள். செருமிக் காட்டச் சொன்னார்கள். அவர் செருமிக் காட்டினார். இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒருவர் சொல்ல, இருமியும் காட்டினார். கடைசியில் தலைவர், "இருமல்னே இருக்கட்டும்ங்கிறவங்க?" என்று கேட்டார். செயலாளர் மேசையைச் சுற்றிப் பார்த்து, "நாலு" என்றார். பல் டாக்டர் அக்காவை முறைத்தார். தன்னை எதற்கு முறைக்கிறார் என்று அக்காவுக்குப் புரியவில்லை. முறைத்தாலும் இறக்காதே என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தாரே, இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினாள்.

அடுத்தது ஆலோசகர். மொழுமொழுவென்று இளம் வயசு, கையில் சிவப்புப் புள்ளி விழுகிற ஒரு விளக்கு. திரையில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள் தோன்றின.

"திங்கள், செவ்வாய் எல்லாம் பழைய சிந்தனை" என்றார். "இனிமே நீல நாள், பச்சை நாள், ஆரஞ்சு நாள். நேத்து லீவு விட்டிருந்தா இன்னைக்கு நீலம். லீவு விடலைன்னா பச்சை. மழை பெஞ்சா மறுபடியும் நீலம். குழந்தைங்களுக்கு நாள் தெரியாது. நாள் தெரியலைன்னா எப்ப வெள்ளிக்கிழமை வரும்னு ஏங்க மாட்டாங்க. கவனம் பாடத்துல இருக்கும்."

"பிரமாதம்" என்றார் தலைவர்.

"சாப்பாட்டுக் கூடம் சின்னது. அதனால பெரிய வகுப்புகளுக்குச் சாப்பாட்டு வேளையைக் காலையில முதல் மணிக்கே வச்சிருக்கேன். பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிட்டுட்டா, அப்புறம் பசிக்குதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல."

பல் டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார்.

"ஒரு வகுப்புக்கும் இன்னொரு வகுப்புக்கும் நடுவுல இருந்த இடைவேளையைச் சுருக்கியாச்சு. ஆய்வுக்கூடம் அடுத்த கட்டடத்துல இருக்கு. பிள்ளைங்க ஓடினாத்தான் போய்ச் சேர முடியும். ஓடுறாங்க இல்லையா, அதுதான் உடற்பயிற்சி. ஆகவே விளையாட்டு ஆசிரியர் பணியிடம் தேவையில்லை."

இந்த இடத்தில் மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு இடைவேளையைச் சுருக்கி ஒரு ஆசிரியரை மிச்சம் பிடிப்பது என்றால் சும்மாவா? அக்காவின் தோள் எரியத் தொடங்கியிருந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"அடுத்து பூஜ்ய வேளை." சிவப்புப் புள்ளி திரையின் மூலைக்குப் போனது. "இது ஏன் இருக்குன்னு எனக்கே புரியல. பூஜ்யம்னு நாமளே பேர் வச்சிருக்கோம். பூஜ்யத்தை எடுத்துட்டா என்ன குறையும்? கணக்கு வாத்தியாரையே கேட்டுப் பாருங்க."

அறையே சிரித்தது. தலைவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆகவே கணக்கு ஆசிரியர் மூணு பேர்ங்கிறது ரெண்டரைன்னு ஆகுது."

"அரை வாத்தியாரா?" என்றார் பல் டாக்டர். "எந்தப் பாதி?"

"அதை நிர்வாகம் முடிவு செய்யும்" என்றார் தலைவர்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஆலோசகர். "இந்த அட்டவணை யாருக்கும் லேசுல புரியாது. அதை எல்லாருக்கும் புரிய வைக்க, நேர ஒருங்கிணைப்பு இயக்குநர்னு ஒரு புதுப் பணியிடம் வேணும். அது முழுப் பணியிடம். அரையெல்லாம் முடியாது."

அக்காவால் தாங்க முடியவில்லை. "ஐயா" என்றாள்.

தலைவர் கனிவாகப் பார்த்தார். "கவனிச்சுட்டேன்மா. உங்க கையை அப்பவே கவனிச்சுட்டேன். அப்படியே வச்சிருங்க."

"ஒரே ஒரு வார்த்தை..."

"உறுப்பினர்கள் வரிசைப்படிதான் பேசணும். ஏழாவது நாற்காலி கடைசி."

"நான் உறுப்பினர் இல்லீங்க. சும்மா ஒரு அம்மா."

"அப்ப நீங்க பொதுமக்கள். பொதுமக்கள் முடிவு எடுத்ததுக்கு அப்புறம்தான் பேசணும். முன்னாடியே பேசிட்டா எங்க மனசு மாறிடும். மாறின மனசை வச்சுக்கிட்டு முடிவெடுக்கிறது உங்களுக்கே நியாயமா படுதா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில்தான் வாய் திறக்க முடியும் என்பது மட்டும் விளங்கியது. சரி, கடைசி வரைக்கும் கை நின்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு தன் வாக்கியத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தயவுசெஞ்சு. அதை மறந்துவிடக் கூடாது.

"மறுசீரமைப்பை ஆதரிக்கிறவங்க?" என்று எங்கோ தலைவர் குரல் கேட்டது.

"நாலு" என்றார் செயலாளர்.

"எதிர்க்கிறவங்க?"

"மூணு... இல்ல, நாலு. அம்மா, நீங்க இன்னும் கையை இறக்கல."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஒருத்தர் ரெண்டு பக்கமும் ஓட்டுப் போட முடியாது" என்றார் தலைவர். "முதல் ஓட்டுதான் செல்லும். நாலுக்கு மூணு. நிறைவேறிடுச்சு. ஒரு வருஷமா இழுத்துக்கிட்டிருந்த விஷயம் சார் இது!"

ஆலோசகர் கை கொடுக்க வந்தார். அக்காவின் வலது கை இன்னும் மேலேயே இருந்ததால் காற்றில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனார்.

"ஐயய்யோ, நான் ஓட்டுப் போடலீங்க! பேசத்தான் கையைத் தூக்கினேன்!"

"அதுக்கென்ன? இப்ப பேசுங்க. முடிவு ஆயிடுச்சே, இனிமே ஒரு தடையும் இல்ல."

செயலாளர் மைக்கை நகர்த்தி வைத்தார். அக்கா பேசினாள். வேறு என்ன செய்வாள்? "ஐயா, எம்பொண்ணு தேறணும். இந்த சார் இருந்தாத்தான் தேறுவா. தயவுசெஞ்சு பரீட்சை முடியற வரைக்குமாவது இவரை வச்சிருங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னோட பொது வாழ்க்கையில இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்ல" என்றார். "செயலாளர் அம்மா, எழுதிக்குங்க. ஏழாவது நாற்காலியைச் சேர்ந்த அம்மா, தன் சொந்த மகளுக்கே நஷ்டம்னு நல்லாத் தெரிஞ்சும், பொது நன்மைக்காக இந்தச் சீர்திருத்தத்தை ஆதரிச்சாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பல் டாக்டர்கூட எழுந்தார். கொஞ்சம் முன்னால் முறைத்ததற்கு மன்னிக்கும்படி பார்வையாலேயே கேட்டுக்கொண்டார். நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கையை இன்னொரு தடவை தூக்கச் சொன்னார்கள்.

மறுநாள் அந்தப் போட்டோ பள்ளிக்கூடத்து வாசல் பலகையில் தொங்கியது. கீழே 'சீர்திருத்தத் தாய்' என்று பெரிய எழுத்து. விளையாட்டு சாரையும் இழந்த பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று, "இது யாரோட அம்மாடா?" என்று விசாரித்தார்களாம்.

வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இறக்காதேன்னு சொன்னேன்தான். அதுக்காக ஓட்டெடுக்கறப்பவுமா?"

"எது ஓட்டு, எது பேச்சுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ரெண்டுக்கும் ஒரே கைதானே?"

"அதுவும் சரிதான்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, நீ எதுக்குப் போனே?" என்று மட்டும் கேட்டாள்.

"சாரை இருக்க வைக்கத்தான்."

"அப்புறம்?"

"கையைத் தூக்கினேன்."

மகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். கடைசி இரண்டு பாடம் இன்னும் மடிப்பு விழாமல் புதுசாக இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே கணக்கு சார் அட்டைப்பெட்டியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றார். அக்கா ஓடிப் போனாள். "சார், நான் பாவி சார். உங்க வேலைக்கு நானே உலை வச்சுட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றார் அவர், பழக்க தோஷத்தில். "எந்த இடத்துல வழி தவறினோம்னு திரும்பிப் போய்ப் பாப்போம்." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "மறுபரிசீலனைன்னு ஒரு விதி இருக்கு. ஆதரிச்சு ஓட்டுப் போட்டவங்கள்ல ஒருத்தர் கேட்டா, திரும்ப ஓட்டெடுக்கணும். அந்த நாலு பேர்ல மனசு மாறினவங்க நீங்க மட்டும்தான். அடுத்த கூட்டத்துல நீங்க கேளுங்க."

அக்காவுக்கு உயிர் வந்தது. "உங்களுக்கு அந்த அரை வேலையாவது கிடைக்காதா சார்?"

"கேட்டுப் பாத்தேன். முழு வாத்தியாரா இருந்தவருக்கு அரை வாத்தியாரா இருந்த அனுபவம் இல்லைன்னுட்டாங்க."

அடுத்த கூட்டத்துக்கு அக்கா எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். நேராக ஏழாவது நாற்காலியிடம் போனாள். அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, புதுக் கண்ணாடி, கொஞ்சம் சதை போட்ட கன்னம். பெற்றோர் பிரதிநிதி திரும்பி வந்துவிட்டார்.

செயலாளர் அவளைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போய், ஆலோசகரின் பெட்டி ஒன்றை நகர்த்தி இடம் போட்டுக் கொடுத்தார். அக்கா உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டாள். "ஐயா, நான் போட்ட ஓட்டைத் திருப்பி வாங்கிக்கிறேன். மறுபரிசீலனை கேக்கறேன்."

"கையைத் தூக்காம பேசக் கூடாது" என்றார் செயலாளர்.

அக்காவுக்குக் கை தூக்கப் பயம். இருந்தாலும் மகளை நினைத்து, மெல்லத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. இயக்குநருக்குத் தனி அறை, அதற்குத் திரைச்சீலை, திரைச்சீலை நீலமா பச்சையா என்று ஓட்டெடுப்பு மேல் ஓட்டெடுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. சுவரோரம் தூக்குகிற கையை எண்ணுகிற வழக்கம் இல்லையாம். மேசைகிட்ட இருந்தபோது பேசத் தூக்கிய கையை ஓட்டென்று எண்ணினார்கள். இப்போது ஓட்டுக்கென்றே தூக்கிய கை சுவரில் ஒட்டிய படம் மாதிரி நின்றது.

கடைசியில் தலைவரே அவளைப் பார்த்துவிட்டார். "அடடே, சீர்திருத்தத் தாய்! சொல்லுங்கம்மா."

அக்கா மறுபடி சொன்னாள். தலைவர் விதிப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னார். செயலாளர் பார்த்தார். இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"கேக்கலாம், தப்பே இல்ல" என்றார் தலைவர். "ஆனா ஓட்டுப் போட்டது நீங்க இல்லம்மா. ஏழாவது நாற்காலி. நீங்க அதுல உக்காந்திருந்தீங்க, அவ்வளவுதான். நாற்காலிதான் கேக்கணும்."

அக்கா நாற்காலிக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, ஒரு வார்த்தை கேளுங்க அண்ணே. உங்களுக்குக் கோடிப் புண்ணியம். பரீட்சை வருது."

அவர் சங்கடமாக நெளிந்தார். நல்ல மனிதர்தான். "தங்கச்சி, நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல. என்ன நடந்ததுன்னே எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துல வாய் விடறது ஒரு பொறுப்பான உறுப்பினருக்கு அழகு இல்ல."

"நான் சொல்றேனே, என்ன நடந்துச்சுன்னு!"

"நீங்க சொல்லலாம். ஆனா நீங்க அதை ஆதரிச்சவங்கன்னு பதிவுல இருக்கே. ஆதரிச்சவங்க பேச்சைக் கேட்டு எப்படி எதிர்ப்பேன்?"

அதற்குள் தலைவர் கையைத் தட்டினார். "மறுபரிசீலனை வேணும்ங்கிற நாற்காலிங்க ஏதாவது? இல்ல. சரி, விஷயம் முடிஞ்சது."

செயலாளர் அம்மாள் வாசல் வரைக்கும் கூடவே வந்தார். தோளைத் தட்டிக் கொடுத்தார். "வருத்தப்படாதீங்க. அந்தக் கோட்டு எத்தனை மாசம் உக்காந்திருந்தது தெரியுமா? அதுக்கு நாங்க ஒரு நன்றி சொன்னதில்ல. உங்களுக்குத் தனியா நன்றி எழுதியிருக்கோம்."

தட்டியது வலது தோள். வலியில் உயிர் போயிற்று.

புது அட்டவணை நடைமுறைக்கு வந்தது. காலையில் முதல் மணிக்குப் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஓடினார்கள். அரை வாத்தியார் என்று ஒருவர் வந்தார், பாவம், அவரும் நல்லவர்தான். பலகையில் கணக்கைப் போட ஆரம்பித்துப் பாதியில் நிற்கும்போது அவர் வேளை முடிந்துவிடும். மீதி வேளைக்கு நேர ஒருங்கிணைப்பு இயக்குநர் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கணக்கு தெரியாது. ஆனால் அன்றைக்கு நீல நாளா பச்சை நாளா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு தடவை அதிலும் குழம்பி, பாதி வகுப்பை நீலத்துக்கும் பாதியைப் பச்சைக்கும் அனுப்பிவிட்டார். கணக்கு சார் தூரத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். போவதற்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்கு வந்து, கடைசி இரண்டு பாடத்தையும் அவசர அவசரமாக மகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். பொழுது போதவில்லை. ஒரு பாடத்தின் பாதியிலேயே சாமான் ஏற்றுகிற வண்டிக்காரன் கூப்பிட்டுவிட்டான்.

வாரியத்திலிருந்து ஒரு நாள் ஆள் வந்தது. ஏழாவது நாற்காலிக்காரர் மறுபடியும் மகன் வீட்டுக்குப் போகிறாராம். அக்காவே நிரந்தரமாக வந்து உட்கார முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு உறுதியாகக் கையைத் தூக்கி வைத்திருக்கிறவர் வாரியத்தின் சரித்திரத்திலேயே இல்லையாம். அக்காவுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. நாற்காலி கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாமே! கேட்டாள். வந்தவர் தலையைச் சொறிந்தார். மறுபரிசீலனையை, முடிவெடுத்ததற்கு அடுத்த கூட்டத்தில்தான் கேட்க வேண்டுமாம். அது போய் வெகு நாளாகிவிட்டது.

பரீட்சை நாள் வந்தது. வேறு பள்ளிக்கூடத்தில் போய் எழுத வேண்டும். மகளைத் தனியாக அனுப்ப மனசு வராமல் அக்கா லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினாள். பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மகள் உதட்டுக்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்த பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், தெரியாத பாடத்துக்கு என்ன செய்வாள் என்று அக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் தெருமுனை திரும்பி வந்தது. அந்த நிறுத்தத்தில் கையைக் காட்டினால்தான் நிற்கும். அக்கா கையைத் தூக்க வேண்டும். தூக்கப் போனாள். கை இடுப்புக்கு மேலே வரவில்லை. தோள் வலியா, வேறெதுவுமா, அவளுக்கே தெரியவில்லை. தூக்கினால் யாரோ எண்ணிவிடுவார்கள் போல, எண்ணினால் இன்னும் எது பறிபோகுமோ என்பது போல, கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பஸ் கிட்டத்தில் வந்துவிட்டது. வேகம் குறையவில்லை.

"அம்மா!"

மகள் ஒரு எட்டு முன்னால் போய்த் தன் கையை நீட்டினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் படியில் ஏறி, திரும்பி, அம்மாவின் வராத வலது கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஏறும்மா" என்றாள். "நம்ம கையைப் பாத்து நிக்கிறது இது ஒண்ணுதான்."

அக்கா ஏறினாள். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, முடியவும் இல்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபடி உதட்டை அசைக்கத் தொடங்கினாள். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை.

வந்தால் சொல்கிறேன் என்று இழுத்தடிக்க மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில், ஆபீஸ்களில், அடுக்குமாடிச் சங்கங்களில் கூட்டம் எப்படி நடக்கிறது? உங்களையும் யாராவது காலி நாற்காலியில் உட்கார வைத்தார்களா? எதற்கோ தூக்கிய உங்கள் கையை எதற்கோ எண்ணினார்களா? ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். கையைத் தூக்க வேண்டாம், எழுதினால் போதும்.